கைத்தொலைபேசிக்குள் ஒரு றபான்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் என்றால் பக்கீர் பாவாமார் தட்டும் றபான் என்ற தோற்கருவியின் ஒலியும் நினைவுக்கு வரும். தோலின் நடுவில் விழும் அடி கனமானது. விளிம்பில் விழும் தட்டு கூர்மையானது. ‘பீட்’ எனப்படும் இன்றைய தாள இசைக்கும் இந்த இரண்டும்தான் அடித்தளம்.

வீட்டில் பீட் அமைக்க விரும்பும் இளைஞர்கள் எடுத்தவுடன் விலை கூடிய கருவிகளைத் தேட வேண்டியதில்லை. 2017இல் வெளிவந்த, ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘டேம்’ இசைத்தொகுப்பில் ‘பிரைட்’ என்ற பாடலுக்கான இசையை ஸ்டீவ் லேசி உருவாக்கியது ஐபோனில், கராஜ்பேண்ட் செயலியில். அந்தத் தொகுப்புக்கு அடுத்த ஆண்டே புலிட்சர் விருது கிடைத்தது.

அன்ட்ராய்டு போன் உள்ளவர்களுக்கு சிங்கப்பூரின் பேண்ட்லேப் செயலி இலவசம். பழைய மடிக்கணினி இருந்தால் எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள். அதற்கும் காசு இல்லை. பெல்ஜியத்தின் எஃப்எல் ஸ்டூடியோ பலரின் கனவு. ஆனால் அதன் இலவசப் பதிப்பில் சேமித்த வேலையை, மென்பொருளை வாங்கும்வரை மீண்டும் திறக்க முடியாது. பாதியில் நின்ற பாடல் அப்படியே பூட்டிக் கிடக்கும்! வாங்கியவர்களுக்கோ பின்னர் வரும் புதுப்பிப்புகள் இலவசம்.

கையிலிருக்கும் காசை முதலில் வயர் உள்ள நல்ல ஹெட்போனுக்குச் செலவிடலாம். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். விரல் தட்டுவது ஒரு நேரம், காதில் கேட்பது இன்னொரு நேரம் என்று தாளம் பிசகிவிடும்.

பிறகு மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, றபானிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனை வைத்து, நடுவில் ஓர் அடியும் விளிம்பில் ஒரு தட்டும் பதிந்துகொண்டால் போதும். விலைக்கு வரும் ஒலித்தொகுப்புகளில் தேடினாலும் எளிதில் அகப்படாத நம்மூர்ச் சத்தம் அது.