‘உலக முடிவு’ வரை போனோம்... மேகம் 11 நிமிடம் வழிவிட்டது!

“அதுக்கு மேல உலகம் கிடையாதுடி!”

சின்ன வயதில் அம்மா இப்படிச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அம்மா பிறந்தது இலங்கையில், நன்பேரியல் என்கிற தேயிலைத் தோட்டத்தில். லயத்து வாசலில் நின்று நிமிர்ந்தால் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு மலைச் சுவர் நிற்குமாம். “அங்க மேல என்ன இருக்கு?” என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் சொல்லும் பதில்தான் மேலே இருப்பது.

அவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தச் சுவரின் உச்சிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’. சிங்களத்தில் ‘லோகாந்தய’. நாம் ‘உலக முடிவு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

1964-ல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அம்மாவின் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பியது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த கணக்கு அது. 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது அம்மாவுக்கு வயது 13. மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரி, மறுபடியும் தேயிலை. தாத்தா அங்கேயும் கவ்வாத்து வெட்டினார், இங்கேயும் வெட்டினார்.

அறுபதைத் தாண்டிய அம்மாவிடம், “இலங்கைக்குப் போகலாமா? எதைப் பார்க்கணும்?” என்று கேட்டேன். கண்டி, கதிர்காமம் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். “அந்த மலை மேல ஏறி, கீழ எங்க தோட்டத்தைப் பார்க்கணும்” என்றார்.

கடந்த பிப்ரவரியில் அம்மா, நான், என் 12 வயது மகன் மூன்று பேரும் நுவரெலியா போய் இறங்கினோம்.

உலக முடிவு இருப்பது ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள். நுவரெலியாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ரயிலில் வருபவர்கள் பட்டிப்பொலவிலோ ஓஹியாவிலோ இறங்கலாம். பட்டிப்பொல, 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கும் குட்டி ஸ்டேஷன்; இலங்கையில் இதைவிட உயரமான ரயில் நிலையம் கிடையாது.

முதல் நாளை நான்தான் கெடுத்தேன். ‘பூங்கா எங்கே ஓடிவிடப்போகிறது’ என்று ஹோட்டலில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குக் கிளம்பினோம். நடந்து நடந்து பாறை விளிம்புக்குப் போய்ச் சேரும்போது மணி 11. எதிரே வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல மேகம். பள்ளம் எங்கே, வானம் எங்கே என்றே தெரியவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். துணி விலகவே இல்லை.

“மேகத்தைப் பார்க்கிறதுக்கா இவ்வளவு டிக்கெட்டு? கோத்தகிரியில வாசல்லயே ஓசியில வருமே” என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், திரும்பி வரும் வழி முழுக்கப் பேசவில்லை. எங்கள் விமானம் நான்காம் நாள். கையில் இன்னும் ஒரு காலை மட்டுமே மிச்சம்.

வேன் ஓட்டிய தம்பி நுவரெலியாக்காரர், தமிழர். “அக்கா, இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒன்பது, ஒன்பதரைக்குள்ள அங்க நின்னா உண்டு, இல்லாட்டி இல்ல” என்றார்.

அவர் சொன்ன கணக்குக்குக் காரணம் எளிமையானது. உலக முடிவுக்குத் தெற்கே தாழ்வான, வெதுவெதுப்பான நிலம். காலையில் வெயில் ஏற ஏற அங்கிருக்கும் ஈரக்காற்று சூடாகி மேலே கிளம்பும். மலைச் சுவரில் முட்டி, வேறு வழியில்லாமல் அதன் மீதே ஏறும். ஏறும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். அதாவது, அந்த மேகம் எங்கிருந்தோ மிதந்து வருவதில்லை. நாம் நிற்கும் சுவரே அதைத் தயாரிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளிவாக இருக்கும். ஆனாலும், அந்த மாதங்களிலும் காலை ஒன்பது, பத்து மணிதான் எல்லை.

மறுநாள் நாலே முக்காலுக்கே வேன் கிளம்பிவிட்டது. நுழைவாயில் ஆறு மணிக்குத் திறக்கும். உள்ளே போனதும் சாலையோரம் மரைகள் நின்றன. கடமான் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். மனிதர்களைப் பார்த்துப் பழகி, ஓடுவதற்குக்கூட சோம்பல்படுகின்றன. அதற்காகத் தின்பதற்கு எதையும் நீட்டாதீர்கள்.

நடை தொடங்கும் இடத்தில் ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பாலித்தீன் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்து எடுத்துக்கொண்டார்கள். அம்மா கோத்தகிரியிலிருந்தே சுமந்து வந்த முறுக்கு, பிளாஸ்டிக் கவரிலிருந்து பேப்பர் பைக்கு மாறியது. “எண்ணெய் ஊறிப்போயிடுமே” என்பது மட்டுமே அம்மாவின் கவலை. நம் ஊட்டியில் தேயிலைச் செடிக்கு நடுவே பறக்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த ஊழியர்களைக் கும்பிடத் தோன்றியது.

மொத்தம் சுமார் ஒன்பது கிலோமீட்டர் சுற்றுப்பாதை. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் அருவி மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். செங்குத்தான ஏற்றம் அதிகமில்லை. ஆனால் வேர், கல், சேறு எல்லாம் உண்டு. அம்மாவின் முட்டியை நினைத்து நான் பயந்தேன். அம்மாவோ சிறு வயதில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர்களின் பின்னாலேயே திரிந்தவர். என்னைத்தான் இரண்டு இடங்களில் கைபிடித்து ஏற்றிவிட்டார்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இப்படி ஒரு புல்வெளி விரிந்து கிடப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது. ‘பத்தனை’ என்கிறார்கள். நடுநடுவே குட்டையான, பாசி படர்ந்த காடு. முக்குருத்தி, அவலாஞ்சிப் பக்கம் போனவர்களுக்கு உடனே சோலைக்காடு ஞாபகம் வரும். அம்மா ஓரிடத்தில் நின்று, “இது நம்ம ஊரு காட்டுப் பூவரசுல்ல?” என்றார். கிட்டத்தட்ட அதேதான். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் அந்த மரத்தின் இலங்கைச் சொந்தம் இது. சிங்களத்தில் ‘மஹரத்மல்’. இன்னொரு சொந்தமும் உண்டு. நம் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த ‘நெலு’ செடிகள், ஏறக்குறைய 12 வருடங்களுக்கு ஒருமுறை இங்கே மொத்தமாகப் பூக்கின்றன. கடலைத் தாண்டியும் இந்த மலைகள் உறவு விடவில்லை.

ஹோர்ட்டன் என்பது 1831 முதல் 1837 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த சர் ராபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர். அதற்கு முன்பே ‘மகா எலிய’ என்று உள்ளூரில் ஒரு பெயர் இருந்தது. பெரிய வெளி என்று அர்த்தம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. மகாவலி, களனி, வளவை என மூன்று ஆறுகளுக்கு இந்தப் பகுதியிலிருந்து தண்ணீர் போகிறது. 1969-ல் சரணாலயம், 1988-ல் தேசியப் பூங்கா, 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியல். இதற்கு நடுவில், இந்தப் புல்வெளியில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்ட கூத்தும் நடந்திருக்கிறது. சிறுத்தைகள் இன்னும் உண்டு. யானைகள் ஒரு காலத்தில் இருந்தன; இப்போது ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்களின் வேட்டைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

சின்ன உலக முடிவை எட்டும்போது மணி ஏழரை. அங்கே பள்ளம் சுமார் 270 மீட்டர், தெளிவாகத் தெரிந்தது. அம்மா நிற்கவே இல்லை. “இது இல்ல, வா” என்று நடந்தார்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெரிய உலக முடிவு. எங்களுக்கு முன்பே மேகம் வந்து உட்கார்ந்திருந்தது.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கணக்குச் சொன்ன தம்பியின் மீதும் காரணமில்லாமல் கோபம். அம்மா ஒன்றும் சொல்லாமல் விளிம்பிலிருந்து தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்தில் நின்ற வெளிநாட்டு ஜோடிக்கும் இரண்டு கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விளிம்பிலிருந்து கீழே கிட்டத்தட்ட 870 மீட்டர் பள்ளம். சென்னை எல்.ஐ.சி கட்டடத்தை ஒன்றன் மேல் ஒன்றாக 16 முறை அடுக்கினால்தான் எட்டும். விளிம்பு நெடுகத் தடுப்பு கிடையாது. மேகம் மூடியிருக்கும்போது பள்ளமே தெரியாது என்பதால் பயமும் வராது, அதுதான் ஆபத்து. 2015-ல் போட்டோ எடுப்பதற்காகப் பின்னால் நகர்ந்த ஒரு வெளிநாட்டுப் பயணி இங்கே தவறி விழுந்தார். சுமார் 130 அடி கீழே ஒரு மரம் தாங்கியதால் உயிர் பிழைத்தார். ராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். எல்லோருக்கும் அப்படி மரம் அமையாது. என் மகன் செல்ஃபி எடுக்க எழுந்தபோதெல்லாம் அவன் சட்டைக் காலரை அம்மா விடவில்லை. “விடுங்க அம்மாச்சி, நான் என்ன குழந்தையா?” என்றவனுக்கு ஒரு முறுக்குதான் பதில்.

எட்டே முக்கால் இருக்கும். முதலில் மேகத்தில் ஓர் ஓட்டை. அதில் கொஞ்சம் பச்சை. யாரோ “ஓ...” என்று கத்தினார்கள். ஓட்டை பெரிதாகி, வலப்பக்கம் கிழிந்து, சட்டென்று எல்லாம் விலகிவிட்டது.

கால் கூசியது. கீழே மிகக் கீழே காடு, அதற்கப்பால் மலைச்சரிவுகளில் சீவி வைத்ததுபோலத் தேயிலை, நூல்போல ரோடு. தூரத்தில் ஒரு நீர்த்தேக்கம் பளபளத்தது. “வானம் இன்னும் சுத்தமா இருந்தா தெற்குக் கடல்கூடத் தெரியும்” என்றார் பக்கத்தில் இருந்தவர். எங்களுக்குக் கடல் தெரியவில்லை. அம்மா கடலைத் தேடவும் இல்லை.

“அந்தக் குளம் எங்க காலத்துல இல்லையே” என்றார் முதலில். உண்மைதான். அது சமனலவெவ. 1992-ல்தான் அந்த அணை வேலை முடிந்தது.

பிறகு கையை நீட்டி, காற்றில் கோடு போடுவதுபோலத் தேட ஆரம்பித்தார். “அந்தத் தகரக் கூரை வரிசை இருக்கு பாரு... அது லயம். இந்தப் பக்கம் பெருசா தெரியுறது ஃபேக்டரியா? அப்ப பிரட்டுக் களம் அதுக்குக் கீழ வரணும். பிள்ளைக் காம்பரா...” என்று சொல்லி நிறுத்தினார். “இல்லையே. எங்க லயத்துக்குப் பின்னால ஆறு சத்தம் கேட்கும். இது வேறயா?”

நான் செல்போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினேன். கூரைகள் கலங்கலாகத் தெரிந்தன. எது அம்மாவின் லயம் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. 13 வயதுப் பெண் கீழே நின்று பார்த்த ஊர் அது. மேலிருந்து அதற்கு வேறு முகம். மகன் மட்டும், “அம்மாச்சி, அங்கேருந்து யாராவது இப்ப நம்மளைப் பார்ப்பாங்களா?” என்றான்.

“பார்ப்பாங்க. மேகம்னு நினைச்சுப்பாங்க.”

மொத்தம் 11 நிமிடம். என் போனில் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே அவ்வளவுதான் இடைவெளி. மறுபடியும் கீழேயிருந்து புகைபோல ஏறி வந்து மூடியது. அம்மா எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு நடந்தார்.

திரும்பும் வழியில் பேக்கர் அருவி. பெலிஹுல் ஓயா ஆறு சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்கா போன சாமுவேல் பேக்கர், அதற்கு முன்பு நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தார், அவர் பெயர்தான். படிகள் செங்குத்து, ஈரம். முட்டி வலி உள்ளவர்கள் மேலிருந்தே பார்த்துவிட்டு வந்துவிடலாம், பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டீர்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். காலை உணவைப் பார்சல் வாங்குங்கள், பாலித்தீன் இல்லாமல். விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம். சில நாள்களில் புல்லில் உறைபனிகூட இருக்கும். பத்து மணிக்குமேல் அதே இடத்தில் வெயில் தோலை உரிக்கும், தொப்பியும் வேண்டும். நல்ல பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். வெளிநாட்டினருக்கு டிக்கெட் விலை நம் சரணாலயங்களைவிட அதிகம் என்பதால் போகும் முன் கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டாவது காலைதான் கைகொடுத்தது.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா தம்பியிடம் கேட்டார்: “ஏன் தம்பி, மேலேருந்து பார்த்தா சரியா வெளங்கல. கீழேயே போறதுக்கு வழி இருக்கா?”

“பெலிஹுல்ஓயா சுத்திப் போகணும்மா. அதுக்கு மேல ஜீப்புலதான் ஏறணும். ரோடு மோசம். ஒரு நாள் முழுசாப் போயிடும்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனை எடுத்து, விமான டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப்போட எவ்வளவு ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.