ஐரோப்பா போகும் முன் விசாத் தாளைப் படித்தீர்களா?

ஏப்ரல் பிறந்ததும் ஆரம்பித்துவிடும். மே மாதம் பாரிஸ், ரோம் என்று பணம் திரும்ப வராத விமான டிக்கெட்டை வாங்கிவிட்டு, "விசா மட்டும்தான் பாக்கி" என்று வந்து நிற்பார்கள். அப்போது பார்த்தால் விண்ணப்ப மையத்தில் தேதியே காலி இருக்காது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள். கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை ஆகும். மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரிக்குள் தாளைக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

எந்த நாட்டிடம் கேட்பது? சுற்றுலா என்றால் அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாள்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். இங்கேதான் ஏஜென்ட்டுகள் புகுந்து விளையாடுகிறார்கள். பாரிஸில் 6 நாள் தங்கப் போகிறவருக்கு, தேதி சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டின் பேரில் பொய் ஹோட்டல் பதிவு போட்டுத் தருகிறார்கள். "அப்புறம் கேன்சல் பண்ணிக்கலாம் சார்" என்ற பேச்சை நம்பாதீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது, ஏஜென்ட்டுடையதல்ல. நிராகரிப்பு உங்கள் பெயரில் 5 ஆண்டு வரை பதிவாகி இருக்கும். 29 ஷெங்கன் நாடுகளும் அதைப் பார்க்க முடியும். பொய்ப் பதிவு வேண்டாம்.

லண்டனையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்களா? பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தனி விசா வேண்டும். லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸ் திரும்புவதென்றால், ஷெங்கன் விசாவில் இரண்டு முறை நுழைய அனுமதி இருக்க வேண்டும். விசா கைக்கு வந்ததும் எத்தனை முறை நுழையலாம் என்ற எண்ணைப் பாருங்கள். யாரும் பார்ப்பதில்லை.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாலிசி பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விசா மறுக்கப்பட்டால் காரணத்தைக் குறித்து ஒரு தாள் தருவார்கள். அதைக் கசக்கி எறிகிறவர்களே அதிகம். மேல்முறையீடு எந்த அலுவலகத்துக்கு, எத்தனை நாளுக்குள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கிறது. விண்ணப்ப மையத்து ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் தாளை வாங்கி அனுப்புகிறவர்கள், முடிவெடுக்கிறவர்கள் அல்லர். அதே தாள்களை அப்படியே மறுபடி கொடுப்பதும் வீண். குறித்த காரணத்துக்குப் பதிலாகும் ஆவணத்தைச் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது திருட்டு. பாரிஸ் மெட்ரோ, பார்சிலோனாவின் லா ராம்ப்லா, ரோமின் தெர்மினி நிலையம் மூன்றும் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனவை. பாஸ்போர்ட் போய்விட்டால் முதலில் அந்த ஊர்ப் போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அந்த நகல் இல்லாமல் தூதரகத்திலும் காப்பீட்டிலும் அலைச்சல்தான். பிறகு அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேளுங்கள். அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மிச்ச ஊர்களைச் சுற்ற முடியாது. வழியில் விமானம் மாறுவதானால், அந்த நாடு இதை ஏற்குமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேளுங்கள். தொலைந்ததாகப் புகார் கொடுத்த பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்யாதீர்கள், அது ரத்தாகியிருக்கும். ஊர் திரும்பிப் பாஸ்போர்ட் சேவா மையத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கம், விசாப் பக்கம் ஆகியவற்றின் நகலும் இரண்டு புகைப்படமும் தேவைப்படும். பாஸ்போர்ட் இருக்கும் பையிலேயே இவற்றையும் வைக்காதீர்கள். கூட வருகிறவர் பையில் ஒரு செட், மின்னஞ்சலில் ஒரு செட். கிளம்புவதற்கு முந்தின நாளே செய்துவிடுங்கள்.