கடலிலிருந்து குளத்துக்கு

1950-51இல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி ஏழரை லட்சம் டன். அதில் 5.34 லட்சம் டன்னைக் கடல் கொடுத்தது. மீதியை ஆறும் ஏரியும் குளமும் தந்தன. 2022-23இல் மொத்தம் 175 லட்சம் டன். கடலின் பங்கு 44 லட்சம், உள்நாட்டு நீர்நிலைகளின் பங்கு 131 லட்சம். கடல் எட்டு மடங்கு கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. குளம் அறுபது மடங்கு. மீன் என்றதும் நம் மனம் இன்னும் கடற்கரைக்குத்தான் போகிறது. தொழில் எப்போதோ ஊருக்குள் வந்துவிட்டது.

அன்றைய சோழமண்டலக் கரையில் கட்டுமரமும் பருத்தி வலையும்தான். வலையை நாள்தோறும் மணலில் உலர்த்தி, அவ்வப்போது மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தெடுக்காவிட்டால் இற்றுப்போகும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் இருந்தது. எந்தக் காற்றில் எந்த மீன் கரையை ஒட்டி வரும் என்ற கணக்கும் இருந்தது. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைமரத்தையும் நேர்ப்படுத்திப் பார்த்தே கடலடியில் பார் என்ற பாறைத்திட்டு எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இன்று ஹைதராபாதிலுள்ள பெருங்கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் காட்டும் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடத்தைக் கைபேசிக்கே அனுப்புகிறது. நைலான் வலை பருத்தியைப்போல் இற்றுப்போவதில்லை. புயல் வருவது முன்கூட்டியே தெரிகிறது. உயிரோடு சம்பந்தப்பட்ட இந்த லாபத்தை நான் எதற்காகவும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் 2017இல் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் தங்கியிருந்த பலருக்கு அந்த எச்சரிக்கை எட்டவில்லை.

1960 வரை நாம் வெளிநாட்டுக்கு அனுப்பியது பெரும்பாலும் கருவாடும் உலர்ந்த இறாலும். போன இடங்களும் இலங்கை, பர்மா என்று பக்கத்திலேயே இருந்தன. அந்தத் தொழிலுக்கு உப்பும் வெயிலும் பெண்களின் கையும் போதும். 1952இல் நார்வேயுடன் ஒப்பந்தம் ஆனது. மறு ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் வேலை தொடங்கியது. மீனவருக்கு இயந்திரப் படகும் உள்ளூருக்கு நல்ல மீனும் கிடைக்க வேண்டும் என்பதே எண்ணம். ஆனால் 1953இலேயே கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குப் போனது. அதன் விலையைப் பார்த்தபின் இழுவலை இறாலைத் தேடியே கடலடியை அரிக்கத் தொடங்கியது. 1961-62இல் ஏற்றுமதி 15,700 டன், மதிப்பு 3.92 கோடி ரூபாய். 2023-24இல் 17.8 லட்சம் டன், 60,500 கோடி ரூபாய். பணமதிப்பு தேய்ந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய ஏற்றம்தான்.

கடல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் மோதல் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை சிறு மீனவருக்கென்று தமிழ்நாடு 1983இல் சட்டம் போட்டது. கேரளம் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவலையை நிறுத்திவைக்கிறது. கிழக்குக் கரையில் இப்போது ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலம். அப்படியும் 2012இல் கேரளத்தில் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டே லட்சத்தைத் தாண்டி மீண்டும் வந்தது. கடல் இன்னும் மன்னிக்கிறது என்றுதான் அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

இன்று ஏற்றுமதி வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறாலுடையது. அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில் முன்பு நெல் விளைந்த வயல்களையும் குளமாக்கி வளர்த்தது. தொண்ணூறுகளில் நம் கடலின் வரியிறாலைத்தான் வளர்த்தார்கள். 1994-95இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைக் காலி செய்தது. நிலத்தடி நீர் உப்பாகிறது என்ற வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறப்பிடம் பசிபிக் பெருங்கடலின் மறுகரை.

குளத்து இறாலின் தீனியிலும் ஒரு பங்கு கடலிலிருந்துதான் போகிறது. இழுவலையில் ஏறும் பொடிமீனையும் குஞ்சுமீனையும் ராமேசுவரம் பக்கம் சங்காயம் என்பார்கள். முன்பு சிறுமீன் கருவாடாகி ஏழை வீட்டுக் குழம்பில் விழுந்தது. இன்று அதில் நிறைய ஆலைக்குப் போய் மாவாகி, இறாலுக்குத் தீவனமாகி, பனிக்கட்டியோடு கப்பலேறுகிறது. 2023-24இல் உறைந்த இறாலில் ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அன்று கரையில் இருந்தவர்கள் கச்சானைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 விழுக்காடானதும் ஆந்திரத்தின் பீமவரத்துக் குளக்கரைகளில் அதே முகவாட்டம்.

வனாமியின் தாய் இறால்கள் விமானத்தில் சென்னை வந்திறங்குகின்றன. நீலாங்கரையில் அவற்றுக்கென்று ஒரு தனிமைப்படுத்தும் நிலையம் இருக்கிறது. நோயில்லை என்று உறுதியான பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்புவார்கள். அதே நீலாங்கரையில் ஒரு மீனவர் குப்பமும் இருக்கிறது. மணலில் ஃபைபர் படகுகள் நிற்கின்றன. பாடு கிடைத்த நாளில் அங்கேயே கூறு போட்டு விற்கிறார்கள்.