அமைச்சர் நியமிக்கலாம், ஆணையிட முடியாது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவுபெற்ற தொண்டு அமைப்புகள் ஏறத்தாழ 1,70,000. ஆக்ஸ்ஃபாம், நேஷனல் டிரஸ்ட் போன்ற பெரிய பெயர்களும் இதில் உண்டு, கிராமத்துச் சமுதாயக் கூடத்தைப் பராமரிக்கும் நாலைந்து பேர் கமிட்டியும் உண்டு. லண்டன் ஹைகேட் முருகன் கோவிலை நடத்தும் அறக்கட்டளையும் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. இவை எல்லாவற்றின் ஆண்டு வருமானத்தையும் கூட்டினால் 9,000 கோடி பவுண்டைத் தாண்டும். இத்தனைக்கும் மேற்பார்வை செய்வது சாரிட்டி கமிஷன் என்ற அரசு ஆணையம். லிவர்பூல், லண்டன், டான்டன், நியூபோர்ட் ஆகிய ஊர்களில் அலுவலகங்களும் சில நூறு ஊழியர்களும்தான் அதற்கு உண்டு. ஆண்டுச் செலவு சுமார் 3 கோடி பவுண்ட். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகள் இருப்பதால் அவை இதன் வரம்புக்குள் வருவதில்லை.

கமிஷன் கையில் இருக்கும் அதிகாரங்களைப் பார்த்தால்தான் அதை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வியின் கனம் புரியும். ஓர் அறக்கட்டளை மீது முறைப்படி விசாரணை தொடங்கிவிட்டால், அதன் வங்கிக் கணக்கை முடக்கலாம். அறங்காவலர்களை இடைநீக்கம் செய்யலாம், பதவியிலிருந்தே நீக்கலாம். அவர்கள் இடத்தில் ஒரு வக்கீலையோ கணக்காயரையோ இடைக்கால மேலாளராக உட்காரவைக்கலாம், அவருடைய கட்டணம் பெரும்பாலும் அந்த அறக்கட்டளையின் பணத்திலிருந்தே போகும். இவையெல்லாம் பொதுவாக ஒரு நீதிமன்றம் செய்கிற வேலைகள். நீதிமன்றத்தின் படி ஏறாமலே ஓர் அரசு அலுவலகம் இவற்றைச் செய்ய முடிவது, அந்த அலுவலகம் ஆளுங்கட்சியின் கைப்பாவையாக இருக்காது என்ற நம்பிக்கையால்தான்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. அறக்கொடைகள் தவறாகக் கையாளப்படுவதை விசாரிக்க எலிசபெத் அரசியின் காலத்தில், 1601இல், ஒரு சட்டம் வந்தது. வந்த வேகத்தில் நடந்த விசாரணைகள் நாளடைவில் ஓய்ந்துபோயின. 1818 முதல் 1837 வரை ஹென்றி புரூம் என்ற அரசியல்வாதியின் முயற்சியால் நாடு முழுவதும் அறக்கட்டளைகள் கணக்கெடுக்கப்பட்டன. ஏழைகளுக்கென எழுதிவைக்கப்பட்ட நிலத்தின் குத்தகையை நிர்வாகிகளே தின்றுகொண்டிருந்த கதைகள் அப்போதுதான் தொகுதி தொகுதியாக அச்சேறின. அதன் பலனாக 1853இல் நிரந்தர ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். பொதுமக்கள் யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது.

இன்றைய வடிவத்தைக் கொடுத்தது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை ஆணையர்கள் என்ற தனிநபர்களிடம் இருந்த அதிகாரம், கமிஷன் என்ற சட்டபூர்வ அமைப்புக்கு மாறியது. முன்பு தலைமை ஆணையரே கொள்கையும் வகுத்து அலுவலகத்தையும் நடத்தினார். இப்போது வாரியத் தலைவர் ஒருவர், அன்றாட நிர்வாகத்துக்குத் தலைமை நிர்வாகி வேறொருவர். இந்த விதிகள் பின்னர் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொகுக்கப்பட்டன. அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இந்த அமைப்பின் உயிர்நாடியான வாசகம் இருக்கிறது: தன் பணிகளைச் செய்கையில் கமிஷன் எந்த அமைச்சரின் உத்தரவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதல்ல. அரசுத் துறைதான், அரசுப் பணம்தான், ஊழியர்களும் அரசு ஊழியர்கள்தான். ஆனால் அதற்கு மேலே அமைச்சர் கிடையாது.

வாரியத்தில் தலைவரும், அவரோடு குறைந்தது நான்கு பேரும் அதிகபட்சம் எட்டுப் பேரும் இருப்பார்கள். குறைந்தது இருவர் சட்டம் படித்துத் தொழில் செய்தவர்களாக இருக்க வேண்டும். வேல்ஸ் நிலவரம் அறிந்த ஒருவராவது வேண்டும், அவரை நியமிக்கும் முன் வேல்ஸ் அரசைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஒருமுறை நியமனம் என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. மறுநியமனம் பெறலாம், ஆனால் மொத்தம் பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் அமர முடியாது. தலைவர் உட்பட எல்லோருமே பகுதிநேரப் பொறுப்பாளர்கள். தலைவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவார். உறுப்பினர்களுக்கு மாதத்தில் ஓரிரு நாள் வேலை இருக்கும்.

இவர்களையெல்லாம் நியமிப்பவர் யார்? பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறையின் அமைச்சர். உத்தரவிடும் உரிமையை அமைச்சரிடமிருந்து பறித்த அதே சட்டம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டுவைத்திருக்கிறது. நியமித்த பிறகு பிடிக்கவில்லை என்று நீக்கிவிட முடியாது, உடல்நலக் குறைவு போன்ற இயலாமையோ தவறான நடத்தையோ இருந்தால்தான் முடியும். ஆகவே அமைச்சரின் செல்வாக்கு முழுவதும் நியமனம் என்ற ஒரே வாசலில் வந்து குவிகிறது. கமிஷனைச் சுற்றி எழுந்த அரசியல் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த வாசலில் நடந்தவைதான்.

தலைவர் பதவிக்கு அரசு ஒருவரை முன்மொழிந்ததும், நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஒன்று அவரை அழைத்துப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கும். 2018 பிப்ரவரியில் அப்படி வந்தவர் டீனா ஸ்டோவெல். கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் பிரபுக்கள் சபையின் அவை முன்னவராக இருந்தவர். தொண்டு அமைப்புகளை நடத்திய அனுபவம் போதாது, கட்சிச் சார்பு பற்றிய ஐயமும் தீரவில்லை என்று குழு உறுப்பினர்கள் கட்சி வேறுபாடில்லாமல் ஒருமனதாக நிராகரித்தார்கள். அவர்களில் ஆளுங்கட்சிக்காரர்களும் உண்டு. அரசு அவரையே நியமித்தது. குழுவின் முடிவு ஓர் ஆலோசனை மட்டுமே, அமைச்சரைக் கட்டுப்படுத்தாது. ஸ்டோவெல் கட்சி அணியிலிருந்து விலகிவிட்டுப் பொறுப்பேற்றார், அடுத்த தவணைக்கு முயலவில்லை.

அவருக்குப் பின் நடந்தது இன்னும் சிக்கல். 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டவர் பதவியேற்கும் முன்பே விலகிக்கொண்டார். அவர் முன்பு தலைமை வகித்த ஒரு தொண்டு அமைப்பில் அவருடைய நடத்தை பற்றி எழுந்த புகார்கள் அப்போதுதான் வெளியே வந்தன. தேர்வு நடைமுறை அதைக் கண்டுபிடிக்கவில்லை. பிறகு முன்மொழியப்பட்ட ஆர்லாண்டோ ஃப்ரேசர் வழக்கறிஞர், ஏற்கெனவே கமிஷன் வாரியத்தில் இருந்தவர், ஒருகாலத்தில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராகத் தேர்தலில் நின்றவர். நாடாளுமன்றக் குழு அவருக்கும் ஒப்புதல் தர மறுத்தது. அவரை விடவும் அவரைத் தேர்ந்தெடுத்த முறையைத்தான் குழு கடிந்துகொண்டது. 2022 ஏப்ரலில் அவரும் நியமிக்கப்பட்டார்.

கட்சி முத்திரை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. 2006 முதல் 2012 வரை தலைவராக இருந்த சூஸி லெதர் தொழிற்கட்சி உறுப்பினர். கட்டணப் பள்ளிகள் தொண்டு அமைப்பு என்ற பெயரில் வரிச்சலுகை பெற வேண்டுமானால் ஏழைப் பிள்ளைகளுக்கு என்ன செய்கின்றன என்று காட்ட வேண்டும் என அவர் காலத்தில் கமிஷன் கிடுக்கிப்பிடி போட்டது. இது வர்க்க அரசியல் என்று பள்ளிகளும் வலதுசாரிப் பத்திரிகைகளும் கொதித்தன. பள்ளிகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2011 அக்டோபரில் மேல் தீர்ப்பாயம் கமிஷனின் வழிகாட்டுதலில் சில பகுதிகள் சட்டப்படி தவறு என்று தீர்ப்பளித்தது. ஏழைகளுக்குப் பெயரளவுக்கு மேல் ஏதாவது செய்தாக வேண்டும், ஆனால் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அறங்காவலர்களே என்பது தீர்ப்பின் சாரம்.

வாரியம் என்ன செய்ய வேண்டும், தலைமை நிர்வாகி என்ன செய்ய வேண்டும் என்ற எல்லைக்கோடும் எளிதானதல்ல. காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது: வாரியம் திசையைத் தீர்மானிக்கும், இடர்களைக் கண்காணிக்கும், தலைமை நிர்வாகியை நியமிக்கும். தனித்தனி வழக்குகளை ஊழியர்கள் பார்ப்பார்கள். அரசுப் பணத்துக்கு நாடாளுமன்றத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை நிர்வாகி, தலைவர் அல்ல. பெரிய சர்ச்சை வெடிக்கும்போது இந்தப் பிரிவினை நெளியத் தொடங்கும். பத்திரிகைகள் தலைவரின் முகத்தைத்தான் தேடுகின்றன, தலைவருக்கும் பேச வேண்டும் என்ற ஆசை வருகிறது.

கப் டிரஸ்ட் என்ற பெயர் இந்த வரலாற்றில் ஒரு வடு. 2009இல் கமிஷன் பதிவு செய்த அறக்கட்டளை அது. அதன் ஒரே அறங்காவலர் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனி. இரண்டே ஆண்டுகளில் கணக்கில் 17 கோடியே 60 லட்சம் பவுண்ட் வருமானம் காட்டியது. தொண்டுக்குப் போனது 55 ஆயிரம் பவுண்ட். மீதியெல்லாம் நன்கொடை என்ற போர்வையில் நடந்த வரி தவிர்ப்பு ஏற்பாட்டில் சுழன்ற பணம். நன்கொடை வரிச்சலுகையாக 4 கோடியே 60 லட்சம் பவுண்ட் கேட்டு விண்ணப்பமும் போயிற்று, வரித்துறை கொடுக்கவில்லை. கமிஷனோ 2010இல் விசாரிக்கத் தொடங்கி, இது சட்டப்படி தொண்டு அமைப்புதான் என்று கோப்பை மூடியிருந்தது. பத்திரிகையில் செய்தி வந்த பிறகு 2013இல்தான் முறையான விசாரணை தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம், கமிஷன் தன் வேலையைத் திறம்படச் செய்யவில்லை என்று எழுதியது. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அதைவிடக் கடுமையாகச் சாடியது. கமிஷனின் நிதி வெட்டப்பட்டது உண்மை, அதிகாரம் போதாமல் இருந்ததும் உண்மை. ஆனால் கையில் இருந்த அதிகாரத்தையே கமிஷன் பயன்படுத்தவில்லை என்பதுதான் தணிக்கையாளர்களின் முக்கியக் குற்றச்சாட்டு.

இந்த அடிக்குப் பிறகு, வில்லியம் ஷாக்ராஸ் தலைமையிலான வாரியம் மென்மையாக இருப்பதை விட்டுவிட்டது. லண்டன் காவல்துறையின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவை நடத்திய ஓர் அதிகாரியும் வாரியத்தில் இருந்தார். 2016இல் புதிய சட்டம் வந்து, அதிகாரபூர்வ எச்சரிக்கை விடவும், தகுதியற்றவர் அறங்காவலராவதைத் தடுக்கவும் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. ஊசல் மறுபக்கம் அதிகமாகவே சாய்ந்தது. 2015இல் கேஜ் என்ற அமைப்புக்கு நிதி கொடுத்த ஜோசஃப் ரவுன்ட்ரீ அறக்கட்டளையிடம், இனி எக்காலத்திலும் அதற்குப் பணம் தர மாட்டோம் என்று உறுதிமொழி கேட்டது கமிஷன். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அறங்காவலர்களின் வருங்கால முடிவுகளை முன்கூட்டியே கட்டிப்போட விரும்பவில்லை என்று கமிஷன் சொன்ன பிறகே அது முடிவுக்கு வந்தது.

கமிஷனின் முடிவை எதிர்த்து முறையிட உயர் நீதிமன்றம் வரை போய்ச் செலவழிக்க வேண்டியிருந்த நிலையை மாற்றியதும் 2006ஆம் ஆண்டுச் சட்டம்தான். தனித் தீர்ப்பாயம் 2008இல் செயல்படத் தொடங்கியது. அங்கே ஆரம்பத்திலேயே தீர்க்கப்பட்ட வழக்குகளில் ஒன்று லண்டன் தமிழர்களைப் பற்றியது. கோவிலும் இலங்கையில் நிவாரணப் பணியும் நடத்திய ஓர் அறக்கட்டளையின் அறங்காவலரை, விடுதலைப் புலிகள் தொடர்பு குறித்த விசாரணையின் முடிவில் கமிஷன் நீக்கியிருந்தது. 2009 அக்டோபரில் தீர்ப்பாயம் அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தது. வேறொரு முடிவைக் கண்டது தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் பிரிட்டன் கிளை. 2000இல் விசாரணை தொடங்கி, இடைக்கால மேலாளர் நியமிக்கப்பட்டு, 2005இல் அது பதிவேட்டிலிருந்தே எடுக்கப்பட்டது. அப்போது தீர்ப்பாயம் என்ற ஒன்றே இல்லை.

வாரியத்தின் கூட்டக் குறிப்புகளும் உறுப்பினர்களின் சொந்த நலன்கள் பற்றிய பட்டியலும் வெளியிடப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். கணக்கைத் தேசியத் தணிக்கை அலுவலகம் பார்க்கும். அறக்கட்டளைகளிடம் கமிஷன் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான்: நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் கணக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பதிவேட்டில் அந்த அமைப்பின் பெயருக்கு நேரே தாமதம் என்று எல்லோர் கண்ணிலும் படும்.

ஒழுங்குமுறை அமைப்பை யார் நடத்துவது என்ற இதே சிக்கலை மற்ற நாடுகள் வேறுவிதமாகத் தீர்த்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2012இல் தொடங்கிய ஆணையத்தில் முடிவெடுப்பவர் ஒரே ஓர் ஆணையர். அவருடன் இருக்கும் வாரியம் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் ஒழுங்குமுறை அமைப்புக்கு வாரியம் உண்டு, அது பதில் சொல்ல வேண்டியது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு. நியூசிலாந்து எதிர்த்திசையில் போனது. தன் தனி ஆணையத்தை 2012இல் கலைத்து, வேலையை உள்நாட்டு விவகாரத் துறையில் சேர்த்துவிட்டது. எந்த அமைப்பைப் பதிவு செய்வது, எதை நீக்குவது என்ற முடிவு மட்டும் அமைச்சரின் கைக்குப் போகாமல் மூன்று பேர் கொண்ட ஒரு சிறு வாரியத்திடம் விடப்பட்டது.