ஓடும் காரில் இன்ஜின் நின்றால்: செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருக்கும் குடும்பங்களின் கவனத்திற்கு



சென்ற மாதம் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் வெளியூரில் நடந்த நிக்காஹுக்குப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தது. காரில் கணவன், மனைவி, வயதான மாமியார், இரண்டு பிள்ளைகள். நான்கு வழிச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது இன்ஜின் திடீரென்று நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாக இறுகிப்போனது. இடது ஓரத்துக்கு வருவதற்குள் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடியே உரசுகிற தூரத்தில் கடந்து போயிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கார் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை என்றில்லை. நான்காவது தடவை. இரண்டு வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முதல் தடவை நின்றபோது ஒரு மெக்கானிக் பிளக் மாற்றினார். அடுத்த தடவை டேங்கைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாவது தடவை பேட்டரி. மொத்தம் பதினான்காயிரம் ரூபாய் செலவாகியும் வியாதி தீரவில்லை. கடைசியில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் காரின் பியூயல் பம்ப் தயாரிப்பிலேயே குறை உள்ளது என்று கம்பெனியே பல வருடங்களுக்கு முன் அறிவித்து, இலவசமாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்று மாலையே மாற்றிவிட்டார்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இதைக் கேட்டபிறகு நாம் விசாரித்ததில், ‘எங்கள் காரும் அடிக்கடி ஆஃப் ஆகிறது’ என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அதனால்தான் இந்த விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

பெட்ரோல் காரில் டேங்குக்குள்ளேயே ஒரு சிறிய மின்சாரப் பம்ப் மூழ்கியிருக்கும். அது பெட்ரோலை உறிஞ்சி, வடிகட்டி வழியாக அழுத்தத்துடன் இன்ஜினுக்கு அனுப்புகிறது. அங்கே இன்ஜெக்டர் அதைப் புகைபோலத் தெளிக்கிறது. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், பின் சீட்டின் பக்கமிருந்து இரண்டு விநாடி ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். பல கார்களில் அதுதான் பம்பின் சத்தம். பம்ப் தளர்ந்துபோனால் மேட்டில் ஏறும்போது இழுவை இருக்காது. ஓவர்டேக் செய்ய மிதித்தால் திணறும். காலையில் இரண்டு மூன்று முறை திருப்பினால்தான் ஸ்டார்ட் ஆகும். பிறகு ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவதும் உண்டு. அதனால்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ‘நல்லாத்தானே ஓடுது பாய்’ என்கிறார்.

ஜப்பானின் டென்சோ நிறுவனம் தயாரித்த பம்புகளில் ஒரு தொகுதிக்கு வந்த குறை உலகம் முழுவதும் பல லட்சம் கார்களைப் பாதித்தது. பம்புக்குள் சுழலும் சிறு பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி உப்பி, உருமாறி, சுற்றுச்சுவரில் உரசி நின்றுவிடும். பம்ப் நின்றால் இன்ஜினும் நிற்கும். 2023ஆம் ஆண்டு ஜப்பானின் தோட்டோரி மாநிலத்தில் இப்படி நெடுஞ்சாலையில் நின்றுபோன ஒரு கார்மீது பின்னால் வந்த வாகனம் மோதி ஒருவர் இறந்தார்.

நம் நாட்டிலும் பியூயல் பம்புக்காகப் பல தடவை கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். 2020 ஜூலையில் மாருதி சுசுகி நிறுவனம் வேகன்ஆர் ஒரு லிட்டர் மாடலிலும் பெட்ரோல் பலேனோவிலுமாகச் சேர்த்து 1,34,885 கார்களை அழைத்தது. அவை 2018 நவம்பருக்கும் 2019 நவம்பருக்கும் இடையில் தயாரானவை. அதே 2020இல் ஹோண்டா 65,651 கார்களையும், 2024இல் மேலும் 90 ஆயிரத்துக்கும் அதிகமான கார்களையும் அழைத்தது. இந்தப் பெயர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை; தவறை ஒப்புக்கொண்டு மாற்றித் தருவது நல்ல காரியமே. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனி தகவல் அனுப்புவது தன் பதிவேட்டில் உள்ள செல்போன் எண்ணுக்கு. அது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் எண். அவர் காரை விற்றுவிட்டு, வந்த மெஸேஜையும் அழித்திருப்பார். புரோக்கர் வழியாக வாங்கிய நமக்கு யார் சொல்வார்கள்?

ஆகவே நமது ஆலோசனை இதுதான்: எந்தப் பாகத்தையும் காசு கொடுத்து மாற்றுவதற்கு முன், ஆர்.சி.யில் உள்ள பதினேழு இலக்கச் சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கார் கம்பெனியின் இணையதளத்தில் அதற்கென்று உள்ள பக்கத்தில் அடித்துப் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் ‘இந்த வண்டிக்கு ரீகால் நிலுவை இருக்கிறதா?’ என்று கேளுங்கள். வாரண்டி முடிந்துவிட்டது, நீங்கள் இரண்டாவது ஓனர் என்பதெல்லாம் ரீகாலுக்குத் தடை இல்லை. மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பழைய பில்களைத் தூக்கி எறியாதீர்கள். புகார் செய்ய நேர்ந்தால் அவைதான் சாட்சி.

ரீகாலும் இல்லை, பம்பும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கார் நிற்கிறது என்றால் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். அதுவும் பங்கில் நிரப்பிய சற்று நேரத்தில் நின்றால். 2025 ஜூனில் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் அம்மாநில முதலமைச்சரின் அணிவகுப்புக்காக டீசல் நிரப்பிய 19 வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. டீசலில் தண்ணீர்! அந்தப் பங்கை மூடி சீல் வைத்தார்கள். முதலமைச்சரின் வண்டிக்கே அந்தக் கதி.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுடையது. கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். வளைகுடாவில் இருக்கும் மகனின் காரை மாதக்கணக்கில் அரை டேங்குடன் நிறுத்தி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

மைலேஜ் குறைகிறது என்ற புகாரும் வீண் கற்பனை அல்ல. பழைய கார்களில் ஆறு, ஏழு சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் சீக்கிரம் தேயக்கூடும். சர்வீஸின்போது அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் கார் நின்றாலே ‘எல்லாம் எத்தனால்தான்’ என்று முடிவு கட்டுவது அவசரம் என்பது நமது கருத்து. நாம் மேலே சொன்ன காருக்கும் இரண்டு பேர் அப்படித்தான் வைத்தியம் சொன்னார்கள்.

பங்கில் சந்தேகம் வந்தால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லலாம். கறை விடாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். புகார்ப் புத்தகம் கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. இவை யாவும் வாடிக்கையாளரின் உரிமை. பில் வாங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று நிரூபிக்க அந்தத் துண்டுச் சீட்டு வேண்டும். இன்னொன்று, நூறு ரூபாய்க்கு நிரப்பி ரிசர்விலேயே ஓட்டுவதை விடுங்கள். பம்பைக் குளிர்ச்சியாக வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். கால் டேங்காவது எப்போதும் இருக்கட்டும்.

ஓடும்போது நின்றுவிட்டால் என்ன செய்வது? இதை வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும், குறிப்பாகப் புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்வதில்லை, கனமாகிறது, அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் அழுத்தித் திருப்பினால் திரும்பும். சாவியை முழுவதுமாக அணைத்து உருவிவிடாதீர்கள், அப்போதுதான் பூட்டிக்கொள்ளும். பிரேக்கும் ஓரிரு மிதிக்குத்தான் பழையபடி பிடிக்கும். விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரும் மின்னும் ஹசார்டு பட்டனைப் போட்டுக்கொண்டே இடது ஓரத்துக்கு வாருங்கள். நின்றதும் பானெட்டைத் திறந்து பார்ப்பது பிறகு. முதலில் எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். குளிருகிறது, தூக்கம் என்று பிள்ளைகளைக் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

இணையத்தில் பார்க்கத் தெரியாதவர்கள் ஆர்.சி. நகலுடன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். நமது இளைஞர்கள் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துச் சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ். கட்டணம் ஏதும் இல்லை. வண்டியைக் கொண்டுவரத் தேவையில்லை. நகல் மட்டும் போதும்.