கண் நரம்பில் சுண்ணாம்பு மணிகள்

தோட்டத்துப் பிள்ளையின் கண்ணைச் சோதித்த மருத்துவர், "நரம்பு வீங்கியதுபோல் இருக்கிறது" என்றால் வீடே கலங்கும். பார்வை நரம்பின் முகப்பில் சுண்ணாம்புச் சத்துப் படிந்த சிறு மணிகள் இருந்தாலும் அது மேடாகத் தெரியும். 100 பேரில் ஓரிருவருக்கு இவை இருக்கலாம்; குடும்ப வழியாகவும் வரும். நேர்ப்பார்வை பெரும்பாலும் கெடுவதில்லை. ஓரப்பார்வை மெல்லக் குறைந்து, பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாமல் போகலாம்.

ஆனால் மூளையில் அழுத்தம் ஏறினாலும் நரம்பு வீங்கும். ஆகையால் சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்பினால் தவறாமல் போவோம். ஒலியலைச் சோதனை இரண்டையும் பிரித்தறிய உதவும். மணிகளைக் கரைக்க மருந்தில்லை. ஓரப்பார்வையையும் கண் அழுத்தத்தையும் காலந்தோறும் அளந்துவரச் செய்வோம். தலைவலி, வாந்தியோடு பார்வை மங்கினால் அன்றே மருத்துவமனைக்கு விரைவோம்.