ஈஸ்ட் போடாத பீர்

பனையில் கட்டுகிற கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். இது நமக்குத் தெரிந்ததுதான். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. பாளையிலும் காற்றிலும் கலயத்திலும் இருக்கிறதே வேலையைப் பார்த்துக்கொள்ளும். பீர் அப்படி இல்லை. 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே வகை ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதிலிருந்து, வளர்த்த ஈஸ்ட்டை அளந்து போடுவதுதான் வழக்கம். எந்த பாட்டிலைத் திறந்தாலும் ஒரே ருசி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெல்ஜியத்தில் ஒரு குடும்ப ஆலை இந்தப் பக்கமே வரவில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரின் அண்டர்லெக்ட் பகுதியில் 1900-ல் தொடங்கிய கான்டியோன். இவர்கள் செய்வது லாம்பிக் என்ற வகை.

மால்ட் பார்லி ஏறக்குறைய இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை ஒரு பங்கு. மற்ற ஆலைகள் வாசனைக்காகப் புது ஹாப்ஸ் பூவைத் தேடி ஓடும். இவர்கள் வருஷக்கணக்கில் கிடந்த பழசைப் போடுகிறார்கள். கசப்பு வேண்டாம், கெட்டுப்போகாமல் காக்கிற குணம் மட்டும் போதும். மணிக்கணக்காகக் கொதித்த சாற்றை மாடியில், பெரிய தாம்பாளம் மாதிரி ஆழமில்லாத ஒரு செம்புத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுகிறார்கள். குளிர்காற்று வருகிறது, அதோடு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வந்து விழுகின்றன. மறுநாள் மரப்பீப்பாய்க்குப் போகும். அந்தப் பழைய மரத்துக்குள்ளும் ஒரு கூட்டம் குடியிருக்கிறது. ஆலையில் சிலந்தி வலைகளைக்கூடக் கலைக்கமாட்டார்கள். பழ ஈக்களை அவை பார்த்துக்கொள்ளும்.

பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம். அப்போது நுரை இருக்காது, புளிப்பு இருக்கும். ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரை தருகிறது. புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் க்ரீக். இந்தக் கலப்பில்தான் நிஜமான கைவேலை என்பேன். ஒவ்வொரு பீப்பாயும் ஒரு ருசி, ருசித்துப் பார்த்துத்தான் சேர்க்கணும்.

சிக்கல் என்னன்னா, இதெல்லாம் குளிர்கால ராத்திரிகளை நம்பி இருக்கு. சுமார் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் காய்ச்ச முடியும். ராத்திரி வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. சூடாக இருந்தால் சாறு மெதுவாக ஆறும், வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். 2015 நவம்பரில் வழக்கத்தைவிடச் சூடு அதிகமாகி, காய்ச்சுவதையே கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். மிஷின் வைத்துக் குளிர வைத்தால் ஆகாதா? ஆகும், ஆனால் ராத்திரிக் காற்றுக்கு அங்கே வேலை இருக்காது, ஈஸ்ட்டை நாமே போடணும். அப்புறம் அது லாம்பிக் இல்லை.

ஒரு குளிர்காலத்தில் காய்ச்சாமல் போன ராத்திரிகளின் குறை உடனே முழுசாகத் தெரியாது. மூன்று வயதுப் பீப்பாயைத் தேடும்போதுதான் தெரியும்.